நான்காவது தாள்

மருத்துவமனையின் பணியாளர் கையேட்டில் அவரைப் பற்றி இரண்டே வரிகள்: “ஈசிஜி கருவியை இயக்கித் தாளை மருத்துவரிடம் ஒப்படைப்பவர். தாளில் உள்ளதன் பொருள் அறிந்திருக்கத் தேவையில்லை.” இருபத்திரண்டு வருடங்களாக அந்தத் தாளின் கோடுகளைத் தவிர வேறெதையும் அவர் அதிகம் படித்ததில்லை. கையேட்டை எழுதிய அதிகாரியே ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, மருத்துவரைப் பார்க்கும் முன் இவரிடம்தான், “பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையேம்மா?” என்று கேட்டார்.

எல்லோருக்கும் அவர் ஒயர் அக்கா. ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு பழைய கருவி, இவ்வளவுதான் அவருடைய அறை. கருவி பழையதாக இருப்பதில் மருத்துவமனைக்கு ஒரு வசதி உண்டு. கோடு கோணலாக வந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கருவியைத் திட்டினால் போதும். கருவியைத் திட்டி அலுத்துவிட்டால் அக்கா இருக்கிறார்.

மூன்று வருடம் முன்பு, ஓட்டப் பந்தயத்தில் ஓடும் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நெஞ்சு வலி என்று வந்தாள். எல்லாக் கோடுகளும் தூக்கிக்கொண்டு நின்றன. மெஷின் சரியில்லை என்றார் அன்றைய மருத்துவர். அக்கா “சரிங்க டாக்டர்” என்றார். மூன்றாம் நாள் அவள் மைதானத்தில் விழுந்து இறந்தாள். தாளின் நகல் வாங்க அவள் அண்ணன் வந்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு, பயிற்சிக்கு வந்த செவிலியர் யாரோ விட்டுப்போன தடித்த புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தை அக்கா தேய்த்துத் தேய்த்துப் படித்தார்: இதயத்தசை அழற்சி. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டு ஒரு பக்கம் கெடும். இதில், பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்துபோன கையோடு, தசையே வீங்கிப் புண்ணாகிறது. கோடு பல பக்கமும் தூக்கலாம்; ஒன்றுமே காட்டாமல் ஏமாற்றவும் செய்யலாம். ஓய்வில் பலருக்கு ஆறிவிடும். பாரம் தூக்கினால் இதயம் திடீரென்று நின்றும் போகலாம்.

போன வருடம் ஒரு முற்பகலில் வந்த டைல்ஸ் போடுகிறவனுக்கு இருபத்தாறு வயது. வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றான். பத்து நாள் முன்பு காய்ச்சல் வந்து போனதாம். படுத்தால் வலி கூடுகிறது, குனிந்து உட்கார்ந்தால் தேவலையாம். படுத்திருக்கும் ஆளுக்குத் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. அக்கா தாளைப் பார்த்தார். அதே தூக்கல்.

இளம் மருத்துவர் நல்லவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்ததால் அவசரமான நல்லவர். “எல்லா லீடுலயும் கோடு ஒரே மாதிரி தூக்குதுன்னா ஒயர் கோளாறும்மா. இன்னொண்ணு எடுங்க.” எடுத்தார். அதேதான். நெஞ்சில் ஒட்டும் முனைகளைத் துடைத்து மூன்றாவதும் எடுத்தார். மெஷினை மாற்றச் சொல்லி எழுதுகிறேன் என்ற மருத்துவர், வாயுவுக்கு மாத்திரை எழுதி அவனைப் போகச் சொன்னார். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான். ஒரு வீட்டில் பாதிக் கூடம் போட்டு நிற்கிறது. மதியம் நாற்பது பெட்டி மாடிக்கு ஏற்ற வேண்டும்.

“மேஸ்திரி கத்துவாருக்கா. உங்க மெஷினுக்கு வைத்தியம் பாருங்க, நான் கிளம்புறேன்.”

“பத்து நிமிஷம் உட்காருப்பா. அதுக்குள்ள கூடம் ஓடிப்போயிடாது.”

அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, கூட வந்திருந்த அவன் மனைவியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அவன் படுத்த சூடு ஆறாத கட்டிலில் தானே ஏறிப் படுத்து, அதே ஒயர்களைத் தன் உடம்பில் மாட்டிக்கொண்டார்.

“நான் எதையாவது தொட்டுக் கெடுத்துடப் போறேன்க்கா.”

“கெடுறதுக்கு அதுல மிச்சம் ஒண்ணும் இல்லம்மா. பச்சையை அமுக்கு.”

அமுக்கினாள். பழைய கருவி ஐம்பத்தொரு வயது இதயம் ஒன்றைக் கோணலே இல்லாமல், பாடப் புத்தகத்தில் போடும்படி வரைந்து கொடுத்தது.

அவனுடைய மூன்றாவது தாளும் இந்தத் தாளும் மருத்துவர் மேசைக்குப் போயின. “இது அவனோடது. இது என்னோடது. அதே மெஷின், அதே ஒயர்,” என்றார் அக்கா. போங்க, பிறகு பார்க்கிறேன் என்றார் மருத்துவர். அக்கா வாசற்படியிலேயே நின்றார். அடுத்த நோயாளி அவரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. கடைசியில் மருத்துவர் இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்தார். இதயத்தசை சேதத்தைக் காட்டும் ரத்தச் சோதனைக்கும் எக்கோவுக்கும் எழுதினார். ரத்தத்தில் அளவு பல மடங்கு. எக்கோவில் இதயம் பாதி வலுவில்தான் பிழிந்துகொண்டிருந்தது.

பதினெட்டு நாள் படுக்கை, ஆறு மாதம் பாரம் தூக்கத் தடை. இதயம் முழுதாகத் திரும்பவில்லை. கூடத்தை வேறொருவன் போட்டு முடித்தான். இப்போது மனைவி வேலைக்குப் போகிறாள். அவன் வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மறு பரிசோதனைக்கு வந்தபோது சொன்னான்: “அன்னிக்கு நீங்க சும்மா இருந்திருந்தா நான் வேலையில இருந்திருப்பேன்.” பேசினால் கோடு ஆடும், பேசாமல் படு என்றார் அக்கா.

நோயாளி அல்லாத ஒருவருக்கு மருத்துவர் கேட்காமல் பதிவெடுத்ததற்கு விளக்கம் கேட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்கு அவர் என்ன எழுதினார் என்று தெரியவில்லை. அன்று செய்தது இதுதான்: ஒருவனுக்கு மூன்று முறை ஈசிஜி எடுத்தார், தனக்கு ஒரு முறை எடுத்தார், மருத்துவர் இரண்டு தாள்களையும் பார்க்கும்வரை வாசற்படியை விட்டு நகரவில்லை.