கரி பஸ்ஸும் மீசையும்

மொரப்பூர் ரயிலடியில் தருமபுரி பஸ் நிற்கிறது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. சீமை வண்டியின் முதுகில் தருமபுரிப் பட்டறைக்காரர்கள் கரியடுப்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கரிவாயுவில் ஓடுமாம். அந்தப் பட்டறையில்தான் என் மகன் முருகேசன் வேலை செய்கிறான். அவனுக்குத் தீக்காயம் என்று தந்தி வந்ததால் பார்க்கப் புறப்பட்டு வந்திருக்கிறேன்.

பீப்பாய்க்கு விசிறும் டிரைவருக்கு மீசை இல்லை. மகனைப் பற்றிக் கேட்கிறேன்.

"நம்ம முருகேசனுங்களா? அடுப்பு பத்திக்கிச்சான்னு மூடியத் தெறந்து எட்டிப் பாத்தானுங்க. மீசை போச்சு."

"மீசை மட்டுமா?"

"ஆமாங்க. ரெண்டாள் சோறு திங்கிறான். எனக்கும் இப்படித்தானுங்க போச்சு."

இப்போதுதான் மூச்சு வருகிறது. டிரைவர் ஏறி முடுக்குகிறார்; வண்டி இருமிவிட்டு நின்றுபோகிறது.

"அடுப்பு எரியுதான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க, சாமி!"

இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு பஸ்ஸின் முன்பக்கத்துக்கு ஓடுகிறேன்.