தன் பெயரையும் எடுத்துவிட்டவர்

யோகன் போய்விட்டார் என்ற செய்தியை என் மகள் மாலாதான் கொண்டுவந்தாள். நான் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, கொம்பியூட்டர் யோகன் அண்ணன் மோசம் போயிற்றாராம். மாரடைப்பாம்" என்றாள். "அந்த மனிசனோட எனக்கு ஒரு வழக்கு இன்னும் முடியல்ல" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.

கடல் வந்து செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, களுவாஞ்சிக்குடியில் திறந்த நிவாரண அலுவலகத்தில் எனக்குத் தேநீர் போடும் வேலை கிடைத்தது. யோகன் அங்கே கணினிகளுக்குப் பொறுப்பு. அவர் வரும்வரை எல்லாரும் தங்கள் கோப்புகளை ஒரே பொது இடத்தில் போட்டு வைத்தார்கள். யாருடையதையும் யாரும் திறக்கலாம். சாரதி ஒருவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் கொடுத்த வீட்டுச் சண்டை முறைப்பாடுகளைச் சத்தமாக வாசித்துச் சிரிப்பான். அவன் பெயர் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த நினைவு மலரில் எழுதினால் அவனுக்கு அது பெருமையாகிவிடும்.

யோகன் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. சிலர் பார்க்க மட்டும், சிலர் எழுதவும், மற்றவர்களுக்கு அப்படி ஒரு கோப்புறை இருப்பதே தெரியாது என்று பிரித்துவிட்டார். சாரதி சண்டைக்குப் போனான்.

"என்னை நம்பமாட்டீங்களோ?"

"நம்புறன். உனக்கு அதில வேலையில்ல."

பிறகு, ஆயுதக்காரர் சண்டைக்கென்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் காலம் வந்தது. மாலாவுக்கு அப்போது பதினைந்து வயது. அலுவலகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் ஜெயந்தி மிஸ் அவளைத் தூரத்து விடுதி ஒன்றில் சேர்த்தார். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. அழுகிற தாய்தான் முதலில் வாய் திறப்பாள் என்றார். அப்படி அனுப்பிய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு கோப்புறைக்குள் இருந்தது. நான் தேநீரோடு போய் யோகனின் மேசையருகே நின்றேன்.

"மனே, என்ட பிள்ள எங்க எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு."

"எனக்கும் திறக்காதுக்கா. மிஸ்ஸுக்கு மட்டும்தான். திறக்கிற ஆக்கள்ட பட்டியல்ல இருந்து என்ட பேரையும் எடுத்துப்போட்டன்."

"பூட்டினவனே நீதான். ஆருக்குக் கதை விடுறாய்?"

"உங்கட கண்ணகை அம்மன்ட கதவு வைகாசியிலதானே திறக்கும். பூசை செய்து பூட்டின கப்புகனார் நடுவில ஒருக்காத் திறந்து பாப்பாரோ?"

"அம்மன் என்ட வயித்தில பிறக்கல்ல" என்றேன். அன்றிலிருந்து அவருக்குச் சீனி போடாமல்தான் தேநீர் கொடுத்தேன். அதையும் குடித்தார்.

ஒரு காலையில் துவக்குகளோடு சிலர் வந்தார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். ஜெயந்தி மிஸ் கொழும்புக்குப் போயிருந்தார். அலுவலகத்துப் பெரியவர், "யோகன், காட்டிவிடும்" என்றார். அந்தப் பெரியவரையும் நான் மறக்கவில்லை. யோகன் அவர்களின் கண்முன்னே அந்தக் கோப்புறையை அழுத்திக் காட்டினார். அனுமதி இல்லை என்று வந்தது. பெரியவரின் கணினியிலும் அதேதான். ஒருவன் துவக்குப் பிடியால் யோகனின் வாயில் அடித்தான். பல் தெறித்தது. இரத்தம் வடிய வடிய மறுபடியும் அழுத்திக் காட்டினார். "பாருங்க, எனக்கும் இல்ல" என்றார். அவர்கள் திரையை உடைத்துவிட்டுப் போனார்கள்.

நான் தண்ணீர் கொண்டுபோனேன். "நல்ல காலம் மனே, உனக்குத் திறக்காதது" என்றேன்.

வாய் கொப்பளித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் நினைச்சா என்ட பேரைத் திருப்பிப் போடலாம் அக்கா. பொறுப்பா இருக்கிறவனுக்கு அது ரெண்டு நிமிச வேலை. நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கடல் பனையளவு எழும்பி வந்ததைக் கண்டவள் நான். அதற்குப் பிறகு ஒன்றைப் பார்த்து வாயடைத்து நின்றேன் என்றால், அது பல் போன அந்த மனிதரின் முன்னால்தான்.

சண்டை முடிந்து மாலா திரும்பி வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். "அண்ணன், நான் இருந்தது..." என்று அவள் தொடங்கவே கையை உயர்த்தினார்.

"வேணாம் தங்கச்சி. எனக்கு அதில வேலையில்ல." பிறகு என்னைப் பார்த்து, "இனியாவது சீனி போடுவீங்களோ அக்கா?" என்றார்.

போட்டேன். ஆனாலும் வழக்கு வழக்குத்தான். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடியவர், பிள்ளை இருக்கிற திசை தெரியாமல் என்னை அத்தனை காலம் அலையவிட்டார். அதை நான் மன்னிக்கவில்லை. அப்படி அலையவிட்டதால்தான் மாலா இன்று என்னோடு இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

செத்த வீட்டில் மாலா குனிந்து, தான் இருந்த ஊரின் பெயரை அவருடைய காதில் சொன்னாள். வேண்டாம் என்று கையை உயர்த்த அவரால் முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அந்த ஊர் எது என்று எனக்கும் இப்போது தெரியும். இதை வாசிக்கிற உங்களுக்கு அதில் வேலையில்லை.