பிள்ளை பிறந்த துடக்கு

‘செவ்வாய், காலை 9.10: ரசீதுப் புத்தகத்தோடு இருவர்’ என்கிறது என் நாட்குறிப்பு. வேலணைக்கு முதல் பஸ்ஸில் வந்தவர்கள், நான் கண்டிராத ஒரு கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது கோயில். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு ஏலாது.

வாசல் படலையைத் திறக்கப் போனேன். குசினிக்குள் இருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

“தம்பியவை, எங்களுக்குத் துடக்கெல்லே. இவரின்ரை பெரியப்பாவின்ரை பேரனுக்குக் கனடாவிலை பிள்ளை பிறந்திருக்கு.”

பிறப்புத் தீட்டான துடக்கு உள்ள வீட்டில் கோயிலுக்கென்று எதுவும் வாங்கமாட்டார்கள். மூத்தவர் புத்தகத்தை மூடினார்.

“அப்ப முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிய வாறம், அக்கா.”

அவர்கள் தெருமுனையில் திரும்பியதும் எனக்கு மூச்சு வந்தது. எல்லாவற்றையும் அன்றே எழுதிவைத்தேன். அந்தப் பேரனுக்குக் கலியாணம் நடந்த குறிப்பு என்னிடம் இல்லை. பிள்ளை பிறந்தது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.