பொத்தேரியில் எழுப்பிவிடுங்க

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் கொஞ்ச காலம் சமோசா விற்றேன். அதற்கு முன் பம்மலில் தோல் ஷெட், சிறுசேரியில் கட்டட வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது; எந்த வேலையிலும் கால் தங்கவில்லை. தூக்கத்துக்கு மட்டும் குறைவில்லை. சிமெண்ட் மூட்டைமேலும் தூங்கியிருக்கிறேன்.

அதனால் தினமும் அந்த ரயிலில் வரும் ஒரு பையன் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. பொத்தேரியில் கல்லூரி, பக்கத்திலேயே மெத்தை போட்ட அறை. அங்கே படுத்தால் தூக்கம் வராதாம். பகலில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் அடுத்த ஸ்டேஷனுக்குள் வாய் பிளந்துவிடும். தாம்பரம் போய், செங்கல்பட்டு போய், மறுபடி தாம்பரம்.

"ரூம்ல படுத்தா மண்டைக்குள்ள ஒருத்தன் பேசிட்டே இருக்கான்ணா. என் வாய்ஸ்தான். நீ ஃபெயில், நீ ஃபெயில்னு."

"டாக்டர்கிட்ட போயேன்."

"போனேன். மாத்திரை குடுத்தாங்க. பைத்தியத்துக்குப் போடறதுன்னு அப்பா தூக்கி எறிஞ்சுட்டார்."

ரயிலில் ஹேர் கிளிப் விற்கும் அக்கா அந்த ஜன்னலைத் தாண்டும்வரை வாய் திறக்க மாட்டாள். நான் கத்தினால் முதுகில் ஒன்று வைப்பாள். "டேய், மெதுவா. மாப்ள தூங்கிகினு கீறாரு."

"மாமியா ரொம்பத்தான் தாங்குது" என்பேன்.

"நீ நின்னுகினே தூங்குற மாடு. உனக்கு இன்னா தெரியும்?"

கொய்யாக்காரரும் மொபைல் கவர் விற்பவரும்கூட அங்கே சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டார்கள். அவன் வகுப்பை விட்டுவிட்டு வந்து தூங்குகிறான் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் தாம்பரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பொத்தேரியில எழுப்பிவிடுங்கண்ணா. அப்பா ஊர்லேருந்து வந்திருக்கார். ரெண்டு பேரும் எச்.ஓ.டி.யைப் பார்க்கணும். அட்டெண்டன்ஸ் இல்ல. இன்னிக்குப் பேசலன்னா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க."

கூடுவாஞ்சேரியிலேயே எழுப்பினேன். முகம் துடைத்தான், பையை மாட்டிக்கொண்டான். பொத்தேரி நடைமேடையில் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் மடியில் போன் அதிர்ந்தது. 'அப்பா'.

"எறங்குப்பா."

"இறங்கறேண்ணா." எழவில்லை. ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டான்.

"டேய் தம்பி, உங்கப்பன்டா அது! போடா!" என்று அக்கா கத்தினாள். ரயில் நகர்ந்துவிட்டது.

"ஒரு ரவுண்டு தூங்கிட்டு வந்துடறேங்கா. தூங்கினாத்தான் பேச முடியும்."

திரும்பி வரும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை. நான் இவனை உலுக்கினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். இமை மட்டும் ஆடியது. இறங்கிப் போய் அவரிடம் சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். என்னவென்று சொல்வது? அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

அவனைத் தேர்வு எழுத விடவில்லை. பிறகும் சில நாள் வந்தான், அதே இடத்தில் உட்கார்ந்தான். ஆனால் தூங்கவில்லை. அக்கா பழக்கத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தமாவே வில்லுங்கக்கா" என்றான். "முழிச்சிட்டுதான் இருக்கேன்."

அவள் விற்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.