ஜெயா அக்காவின் குரல் இருந்த பெட்டி

அதிராம்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஜெயா அக்கா வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் மார்க்கெட்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். பேரம் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. "கொடுவா மீனப் பாக்காம காசப் பாக்குறீங்களே, அது கண்ணப் பாருங்க, உங்க கண்ண விடத் தெளிவா இருக்கு" என்று அவர் யாரையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று தஞ்சாவூரில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் காயாரோகணம் படகில் போகிறவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துத்தான் அக்கா இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தார் என்று தோன்றும்.

மகள் மோகனப்பிரியா தஞ்சாவூரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அழுகிற வேலையை எல்லோரும் செய்தோம், உருப்படியான வேலையைச் செய்தவள் அவள் ஒருத்திதான். ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவை உட்காரவைத்து, தினமும் பேசுகிறவற்றை அம்மா குரலிலேயே பதிவு செய்தாள். முழுக் கம்ப்யூட்டரும் ஒரே பலகையில் அடங்கிய, உள்ளங்கை அளவு போர்டு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் வைத்தாள். உள்ளே சூடு தங்காமலிருக்க மூடியில் ஓட்டைகள் போட்டாள். பொத்தான்களும் ஸ்பீக்கரும் மாட்டினாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பேச்சு.

அக்கா திரும்பவும் மார்க்கெட்டுக்கு வந்த அன்று ஒருவர் வழக்கம்போல விலையைக் குறைத்துக் கேட்டார். அக்கா தயங்காமல் ஒரு பொத்தானை அழுத்தினார். "கட்டாதுன்னா கட்டாது, போயிட்டு வாங்க" என்று பெட்டி அதட்டியது. அதே குரல், அதே திமிர். மார்க்கெட்டே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், கடையைத் திறந்ததும் இருவரும் வந்து நின்றார்கள். பெட்டி காயாரோகணத்தின் கையில் இருந்தது.

"சூடாவுது பாய். ஆனா பேச மாட்டேங்குது" என்றார்.

"எப்போருந்துண்ணே?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து. அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தேன். சூடு தணியட்டும்னு ராத்திரி முழுக்க ஃபேன் போட்டு வச்சேன்."

"கரண்ட்ட எடுத்துட்டுத்தான ஃபேன் போட்டீங்க?"

"இல்ல பாய். எடுத்துட்டா எப்படிப் பேசும்?"

வேறு சார்ஜர் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போது சிமிட்ட வேண்டிய பச்சை விளக்கு சிமிட்டவே இல்லை. ஸ்பீக்கர், பொத்தான் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். அப்போதும் அப்படியே. கரண்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிப்பைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. எங்கேயோ ஷார்ட் என்று புரிந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். வயர்கள் மாட்டும் ஊசி வரிசைக்கு அடியில் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்துச் சுரண்டினேன். சந்தன வாசம் வந்தது.

"அண்ணே, இது மேல என்ன பட்டுச்சு?"

"ஒண்ணும் படலையே. பூசைக்குப் பொட்டு வச்சேன், அவ்வளவுதான்." அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "எஞ்சினுக்கு வைக்கிறேன், வலைக்கு வைக்கிறேன், தராசுக்கு வைக்கிறேன். அவ பேசுறதுக்கு வைக்காம இருக்க முடியுமா பாய்?"

தண்ணீர் விட்டுக் கரைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆசை ஆசையாக, மூடியில் தாராளமாக வைத்திருக்கிறார். அது ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பழைய ஜெயா அக்காவாக இருந்தால் அந்த இடத்திலேயே அந்த மனிதரை ஒரு வழி பண்ணியிருப்பார். இப்போது உதடு மட்டும் அசைந்தது. காயாரோகணம் அவர் பக்கம் திரும்பி, "கையால ஒண்ணு போட்டுரு ஜெயா" என்றார். அக்கா போடவில்லை.

போர்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வேறு வாங்கலாம். குரல் இருந்தது நகக்கண் அளவு மெமரி கார்டில். அதைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் போட்டேன். அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே அது காட்டவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டேன். வேறு ரீடரில் போட்டேன். கையில் எடுத்தபோது கார்டும் சுட்டது. போர்டில் ஏறிய கரண்ட் அதையும் பொசுக்கியிருந்தது.

மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டேன். "வேற எங்கயும் காப்பி இருக்காம்மா?"

"நேரா அதுலதாண்ணே ரெக்கார்ட் பண்ணேன். எடுத்து வைக்கணும், வைக்கணும்னு..." என்றாள்.

அழிந்த கார்டிலிருந்து மீட்டுக் கொடுப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அனுப்பினேன். முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அந்த மனிதரைத் திட்ட முடியுமா? அவர் கும்பிட்டதுதான் குற்றம்.

மோகனப்பிரியா புது போர்டோடு வந்தாள். அம்மா பேசிய அத்தனையையும் நினைவிலிருந்து எழுதி, தன் குரலில் பேசிப் பதிவு செய்திருந்தாள். பேசுவது கணீரென்றுதான் இருந்தது. என் கடையில் வைத்தே மாட்டினோம். போர்டு சூடாகவில்லை, பச்சை விளக்கு சிமிட்டியது. காயாரோகணம் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா முதல் பொத்தானை அழுத்தினார்.

"ஏங்க, செத்த இங்க வாங்க."

பழக்க தோஷத்தில் காயாரோகணம் எழுந்துவிட்டார். எழுந்தபின்தான் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இனி இந்த ஜென்மத்தில் தன்னை 'ஏங்க' என்று கூப்பிடப் போவது பெற்ற மகளின் குரல் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா சுட்டுவிட்டது போலப் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"அத மட்டும் எடுத்துரு பாய்" என்றார் காயாரோகணம்.

நான் அந்த ஒரு பொத்தானின் வயரை வெட்டினேன்.

மீன் வியாபாரம் இப்போது மகள் குரலில் நடக்கிறது. பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் அக்கா கையைத் தட்டுகிறார். மார்க்கெட் இரைச்சலில் அவருக்கு அது சட்டென்று கேட்பதில்லை. அவர் திரும்பிப் பார்க்கும் வரை அக்கா தட்டிக்கொண்டே இருக்கிறார்.