சூடாக இருந்த நாற்காலி

அகராதி அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் கண்ணாடி அக்காவிடம் அந்தச் சொற்கள் வந்து சேர்ந்தன. சரசம், சல்லாபம், சில்மிஷம், லீலை, உல்லாசம். ஆண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

"கூச்சமாம் இவங்களுக்கு! டீக்கடையில வேற பேச்சே கிடையாது," என்று டைப்பிஸ்ட் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

சொற்களோடு, அவற்றைக் கவனிப்பவருக்கான ஜன்னலோர மேஜையும் அக்காவுக்கு வந்தது.

வேலை பிடித்திருந்தது. சல்லாபம் என்றால் முன்பு வெறும் உரையாடல். உல்லாசம், மகிழ்ச்சி. சில்மிஷம், குறும்பு. அதைக் கூட்ட நெரிசலில் பெண்களைச் சீண்டுவதாக மாற்றியவை பத்திரிகைகள். காமம்கூட ஒரு காலத்தில் காதலுக்குச் சமமாக மதிப்போடு உட்கார்ந்திருந்தது. தோண்டத் தோண்ட ஒன்று உறுத்தியது. இவற்றில் பாதி, விளையாட்டிலிருந்து வந்தவை. மற்றவருக்கு அந்த விளையாட்டில் சம்மதமா என்று எந்தப் பொருளும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் நாற்காலி சூடாக இருந்தது.

காலையில் முதல் ஆளாக வருவது தான்தான் என்று நினைத்திருந்தாள். உட்கார்ந்தவள் துள்ளி எழுந்தாள். யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு. மடித்துத் தொங்கவிட்டிருந்த அவளுடைய சால்வை விரிந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அலமாரிகளுக்கு நடுவே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"பழைய ஆசிரியர் வந்திருப்பாருக்கா," என்று டைப்பிஸ்ட் சிரித்தாள். அவர் அந்த நாற்காலியிலேயே உயிரை விட்டவர். "செத்தும் ஓவர்டைம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பெருக்குகிற அம்மா சிரிக்கவில்லை. "முன்னாடி இங்க இருந்த பொண்ணும் இதைத்தான் சொல்லுச்சு. அப்புறம் வேலையை விட்டுட்டுப் போயிருச்சு."

அக்காவின் சிபாரிசில் அவளுடைய தங்கை திங்கட்கிழமை அங்கே சேரவிருந்தாள். "உன் பக்கத்து சீட்டுதானேக்கா? பேய் கீய்னு பயமுறுத்தாதே," என்றாள்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு பஸ் முன்னதாக வந்தாள். கதவு திறந்திருந்தது. அவளுடைய நாற்காலியில் தலைமைப் பதிப்பாசிரியர். முகத்தை மூடியபடி அவளுடைய சால்வை. துணி மெதுவாக உள்ளே போய், மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. இது பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

"என்ன சார் இது?"

அவர் பதறவில்லை. சால்வையை மடித்து வைத்தார். "சும்மா ஒரு விளையாட்டும்மா. பெருசு பண்ணாதே. திங்கக்கிழமை தங்கச்சி வருதில்ல?"

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடித்த சொற்களை வெள்ளிக்கிழமை மதியம் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். அடுத்தவர் முகத்தைப் பார்த்து ஆமாம் சாமி போட்டுவிடக் கூடாதாம். அந்தப் பொருளைத் தாங்களே நேரில் கண்டிருந்தால் கை தூக்க வேண்டும். படிப்பவர் மட்டும் பார்க்கலாம்.

அன்று மதியம் அக்கா தாளோடு எழுந்து நின்றாள்.

"சில்மிஷம். விளையாட்டு என்று பெயர் சொல்லி, சம்மதிக்காதவரிடம் காட்டும் இச்சை. எடுத்துக்காட்டு: அவர் தினமும் காலையில் வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, சால்வையை முகர்வார், இந்த அறையில்."

முதலில் எழுந்தது டைப்பிஸ்டின் கை. பேய் என்று சிரித்தாளே, அதே டைப்பிஸ்ட். பிறகு கணக்குப் பிரிவுப் பெண். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அம்மாவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கை தூக்கினாள். அவளை இதுவரை யாரும் கேட்டதே இல்லை. தூக்கத்தில் நடப்பவர்கள் போல ஒவ்வொரு கையாக மேலே வந்தது. ஒருத்தி தூக்கியது இன்னொருத்திக்குத் தெரியாது.

தலைமைப் பதிப்பாசிரியர் மட்டும் கண்ணைத் திறந்தார்.

"எல்லாரும் கண்ணைத் திறங்க," என்றாள் அக்கா. "கையை மட்டும் இறக்காதீங்க."

தங்கை திங்கட்கிழமை சேரவில்லை. அவர் மீதான விசாரணை வரும் புதன்கிழமை. கை தூக்கிய மூவரும் அக்காவுமாக நாலு பெண்களும் சாட்சி சொல்லப் போகிறார்கள்.