சேனாதிபதி லாரியின் கமான்பட்டை

பழனி அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகத் தேங்காய்க் கடை வைத்திருந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் கடையில் உட்கார மாட்டேன் என்று லாரி ஓட்டப் போனான். அவன்தான் சேனாதிபதி. பெயருக்கு ஏற்றாற்போல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்து வந்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பெயிண்ட் உரிந்து, பார்க்க மாடு நக்கிய மாதிரி இருந்தது. இதை வைத்து என்னடா பண்ணப் போகிறாய் என்று கடைத்தெருவே கேட்டது. கொடைக்கானல் மலைமேல் இருக்கிற கிளாவரைக்கு விடப் போகிறேன் என்றான். சிரித்தார்கள். ஏன் சிரிக்க மாட்டார்கள்? மன்னவனூருக்கு அப்பால் அன்றைக்கு ரோடு என்று ஒன்று ஏது? குதிரைத் தடம், ஓடை, பாறை, சேறு, அவ்வளவுதான். கிளாவரை உருளைக்கிழங்கு மட்டக்குதிரைகளின் முதுகில்தான் வெளியே வந்துகொண்டிருந்தது.

சிரித்தவர்கள் வாக்கு பலித்தது. முதல் நடையிலேயே, கனத்தைத் தாங்கி வில்லாய் வளைந்து கொடுக்கும் பின்பக்கக் கமான்பட்டைகள் முறிந்தன. ஒரு பாறை வண்டியின் அடிவயிற்றைக் கிழித்து எஞ்சின் எண்ணெயை எல்லாம் ஓடைக்குக் கொடுத்துவிட்டது. அசருகிற ஆளா அவன்? வண்டியைக் கட்டி இழுத்து வந்து பழனியில் திருமலைச்சாமியின் பட்டறையில் போட்டான். திருமலைச்சாமிக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே வீம்பு. வேறு லாரிகளில் கழித்துப் போட்ட கமான்பட்டைகளைத் தேடிப் பிடித்து, உலையில் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, இருந்த பட்டைகளுக்கு அடியில் அடுக்கினார்கள். இது போதும் என்று ஒருத்தன் சொன்னால் இன்னொன்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்பான் அடுத்தவன். அப்புறம் ஒரு பழைய பாய்லரிலிருந்து வெட்டிய விரல் கனத் தகட்டை, எஞ்சின் தொடங்கிப் பின் அச்சு வரைக்கும் அடியில் கவசமாக வைத்து முடுக்கினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முப்பது மூட்டை ஏற்றிவிட்டால் அந்த வண்டி வண்டிதான். பாறைமேல் ஏறி இறங்குவது உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. காலி வண்டி என்றால்தான் சங்கதி வேறு. கனம் இல்லாமல் அந்தப் பட்டைகள் ஒரு நூல்கூட வளையாது; வண்டி தவளை மாதிரி குதிக்கும். செய்த வேலையைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருதரம் காலி வண்டியில் வந்த திருமலைச்சாமி, பாதி வழியில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து சேனாதிபதி போகும்போது உப்பும் உரமும், வரும்போது கிழங்கும் என்று கனத்தோடுதான் ஓட்டினான்.

லாரி வந்ததும் குதிரைகளுக்கு வேலை போயிற்று. குதிரைக்காரர்களில் மூத்தவர் ராக்கன். அடிவாரக் காட்டுச் சனம். கிளாவரைக்குப் பிழைக்க வந்து, பொதி ஏற்றியே குடும்பத்தை நிமிர்த்தியவர். "எங்க வயித்துல அடிச்சிட்டியே தம்பி" என்று ஒரே ஒருதரம் சொன்னார். அதற்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சேனாதிபதிக்கு அது முள்ளாய்க் குத்தியது. ஆனாலும் லாரியை நிறுத்த முடியுமா?

மூன்றாம் வருஷம் ஆனி மழையில் ஒருநாள் மத்தியானம், அவன் கிளாவரையில் உப்பு மூட்டைகளை இறக்கி, ஊர்க்காரர்கள் அவற்றை அவிழ்த்து வீடு வீடாகப் பங்கு போட்டு முடித்த நேரம். காட்டில் வெட்டிப் போட்ட மரம் ஒன்று உருண்டு ராக்கனின் மனைவி நாச்சியம்மாளின் தொடையை முறித்துவிட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி ஒருவழியாக ரத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். கட்டு அசைந்தால் மறுபடியும் பீறிடும், உயிர் தங்காது என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். டோலி கட்டித் தூக்கினால் கொடைக்கானல் போய்ச் சேர மறுநாள் ஆகும். ராக்கன் லாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

சேனாதிபதி கீழே இறங்கி வந்தான். "அண்ணே, வண்டி காலி. குதிக்கும். மதினி தாங்க மாட்டாங்க."

எத்தனை மூட்டை போட்டால் படியும் என்று கேட்டார் ராக்கன். முப்பது என்றான். ஊரில் முழு மூட்டை மூன்றுகூடக் கிடையாது. இருந்த கிழங்கெல்லாம் விதையாக மண்ணுக்குள் கிடந்தது. கல்லை ஏற்றினால் உருண்டு அவள் மேலேயே விழும். மண் வெட்டிச் சாக்கில் கட்டுவதற்குள் ஓடையில் தண்ணீர் ஏறிவிடும். ராக்கன் சுற்றிலும் நின்ற சனத்தைப் பார்த்தார்.

"கனம்தானே வேணும்? நாங்க இருக்கோம்ல."

ஏறினார்கள். வண்டி நடுவில் புல் பரப்பி நாச்சியம்மாளைக் கிடத்திவிட்டு, பிழைப்பை இழந்த குதிரைக்காரர்கள் முதலில் ஏறினார்கள். பிறகு களைக்கொத்தோடு நின்ற பெண்கள், கம்பளி போர்த்திய கிழவர்கள், ஊரில் காலூன்றி நிற்க முடிந்த அத்தனை பேரும். சேனாதிபதி குனிந்து சக்கரத்தருகே பார்த்தான். ஒருநாளும் மனுஷருக்கு வளையாத அந்தப் பட்டைகள் மெல்ல, மெல்லப் படிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மழையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஆட்டம் கொடுக்காமல் நின்றார்கள். ஓடையைத் தாண்டும் இடத்தில், கனத்தில் தாழ்ந்திருந்த வண்டியின் அடியில் பாறை உரசியது. முன்பு எண்ணெயைக் குடித்த அதே பாறை. பாய்லர் தகடு ஊரே பல் கூசும்படி கத்தியது, கிழியவில்லை. சேனாதிபதி பழனி முருகனைக் கூப்பிட்டான், கூடவே திருமலைச்சாமியையும்.

பொழுது சாயும்போது கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. கல்யாண வண்டிக்கு இங்கே என்ன சோலி என்று காவல்காரர் அதட்டினார். உள்ளே கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா, அந்தத் தடத்தில் இது எப்படி அசையாமல் வந்தது என்று இரண்டுதரம் கேட்டார். நாச்சியம்மாள் பிழைத்தாள். கால் கொஞ்சம் சாய்ந்ததே தவிர, அதற்கப்புறமும் காடு கழனி என்று நடந்துகொண்டுதான் இருந்தாள்.

ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் சேனாதிபதி நேராகப் பழனிக்கு வந்தான். அடித்தகட்டில் விழுந்திருந்த நீளக் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, இதைத் தொடாதே, கமானில் நாம் கூடுதலாகப் போட்டதில் பாதியைக் கழற்று என்றான். திருமலைச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கழற்றினால் வண்டி பாதி கனம்தான் தாங்கும், மிச்ச மூட்டையை எவன் சுமப்பான் என்றார்.

"ராக்கண்ணன் குதிரைக சும்மாதானே நிக்கிது" என்றான் சேனாதிபதி.

திருமலைச்சாமி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.